17 வயது மகன் குடித்துவிட்டு பைக் ஓட்டிப் பிடிபட்டால் யாருக்குத் தண்டனை?

கேள்வி கேட்டிருப்பவர் வேளச்சேரியில் வசிக்கும் ஒரு தந்தை. அவருடைய 17 வயது மகன் நண்பர்களோடு பீர் குடித்துவிட்டு, தந்தை பெயரில் உள்ள பைக்கில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போய் வந்திருக்கிறான். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. "பிடிபட்டிருந்தாலும் மைனர் என்று எச்சரித்து அனுப்பியிருப்பார்கள் என்கிறார் என் மைத்துனர். உண்மையா?" என்று கேட்கிறார்.

மைத்துனர் சொல்வது பாதி உண்மை. பையனைச் சட்டம் கொஞ்சம் மென்மையாகத்தான் நடத்தும். உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. வாகனக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இழப்பீட்டுப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படிப்பட்ட வழக்குகளில் கடைசிவரை அலைவது வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான்.

முதலில் பையன். வழக்கு, 18 வயது ஆகாதவர்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். ஆலோசனை, சமூகப் பணி, தேவைப்பட்டால் கூர்நோக்கு இல்லம் என்ற அளவில் நடவடிக்கை இருக்கும். சிறார் நீதிச் சட்டத்தின்படி, அங்கே வரும் முடிவு பிற்காலத்தில் அவனுடைய வேலைக்கோ படிப்புக்கோ தகுதிக் குறைவாகாது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு அவனுக்கு 25 வயது ஆகும்வரை ஓட்டுநர் உரிமம் தரக் கூடாது என்கிறது. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அவன் மின்சார ரயிலையும் மாநகரப் பேருந்தையும்தான் நம்பியிருக்க வேண்டும்.

அதே பிரிவு உங்களுக்கு வைத்திருப்பது மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். 2019 செப்டம்பர் முதல் இதுதான் சட்டம். குடித்துவிட்டு ஓட்டியவருக்கான 185ஆம் பிரிவு தனி: முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மைனர் என்றால் சிறைக்குப் பதில் குழுமம் சொல்வதுதான். பீரை வாங்கிக் கொடுத்தவர் யாரோ, அவரும் தப்ப முடியாது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. 18 வயது ஆகாதவருக்கு மது கொடுத்தால் சிறார் நீதிச் சட்டத்தில் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு.

"ஒரே ஒரு பீர்தான்" என்பார்கள். அனுமதிக்கப்பட்ட அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். 650 மில்லி சாதாரண பீர், 55 கிலோ எடையுள்ள பையனுக்கு அதைப்போல இரண்டு மடங்கைத் தொட்டுவிடும். ஸ்ட்ராங் பீர் என்றால் மூன்று மடங்கைத் தாண்டும். எலுமிச்சைச் சாறு, மிட்டாய், பாக்கு என்று என்ன மென்றாலும் கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

இதெல்லாம் யார் மீதும் மோதாமல் பிடிபட்டால். மோதியிருந்தால்?

சாலையோரம் நடந்து போன 32 வயது கொத்தனார் ஒருவர் இறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 20,000. அவரை நம்பி மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய். இழப்பீட்டைக் கணக்கிடும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டும்: 28,000. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழிக்கும்: 21,000. அதை 12ஆல் பெருக்கி, அவருடைய வயதுக்குரிய பெருக்கெண்ணான 16ஆலும் பெருக்கினால் 40,32,000 ரூபாய். மனு போட்ட நாளிலிருந்து வட்டி தனி. எந்த நீதிபதியும் கோபத்தில் போடும் தொகை அல்ல இது. உச்ச நீதிமன்றம் 2009லும் 2017லும் வகுத்த கணக்கு.

"இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்று என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லாதவர் அபூர்வம். உரிமம் இல்லாதவன், அதுவும் போதையில் ஓட்டியிருக்கிறான். வண்டியைத் தெரிந்தே கொடுத்தீர்கள் என்று நிறுவனம் நிரூபித்துவிட்டால், பெரும்பாலும் முதலில் நிறுவனம் பணத்தைக் கட்டும், பிறகு உங்களிடம் வசூலித்துக்கொள்ளும். வீடு, நிலம் எல்லாம் அந்த வசூலில் ஜப்தியாகலாம். பைக்கின் சேதத்துக்கும் பணம் வராது. உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் உரிமம் உள்ள உரிமையாளர் ஓட்டினால்தான். பையனுக்கே ஏதாவது நேர்ந்தால் அதிலும் ஒன்றும் கிடைக்காது.

உங்கள் மைத்துனர் புனே வழக்கை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். 2024 மே மாதம் அங்கே 17 வயதுப் பையன் ஓட்டிய சொகுசு கார் மோதி இரண்டு பொறியாளர்கள் இறந்தார்கள். 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தார்கள். அந்தக் கட்டுரை மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ரத்த மாதிரியை மாற்றிய குற்றச்சாட்டில் தாயும் தந்தையும் மாதக்கணக்கில் சிறையில் இருந்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சாவியை ஒளித்து வைத்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வண்டியைப் பையன் உங்கள் சம்மதத்தோடுதான் எடுத்தான் என்று நீதிமன்றம் முதலிலேயே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் வேலை. வாசல் ஆணியில் சாவியைத் தொங்கவிட்டிருந்தால் அது நடக்காது. பூட்டிய அலமாரியில் வைத்திருந்தால் பேசிப் பார்க்கலாம். "அவன் ஓட்டுவான் என்றே எனக்குத் தெரியாது" என்ற வாதத்துக்கு மட்டும் இனி வழியில்லை. அவன் ஓட்டினான் என்று நீங்களே இங்கே எழுதிவிட்டீர்கள்.