மீட்பு நிச்சயமா?

கேள்வி: நான் கத்தோலிக்கர், என் கணவர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். 'நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன்' என்று அவர் உறுதியாகச் சொல்வது ஆணவம் ஆகாதா?

பதில்: ஆகாது. கடவுளின் அன்பிலிருந்து நம்மை எதனாலும் பிரிக்க முடியாது என்று பவுல் ரோமருக்கு எழுதியதை நம்பியே அவர் அப்படிச் சொல்கிறார். தம் தகுதியை நம்பி அன்று. உங்கள் தயக்கத்துக்கும் ஆழ்ந்த காரணம் உண்டு. கடவுளே தனிப்பட வெளிப்படுத்தினால் அன்றி, இறுதிவரை நிலைத்திருப்பேன் என்று எவரும் தவறாத உறுதியோடு கூற இயலாது என 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் அறிவித்தது. 1431இல் நடந்த விசாரணையில், 'நீ அருள்நிலையில் (கடவுளின் அருளைப் பெற்ற நிலையில்) இருக்கிறாயா?' என்று கேட்கப்பட்ட பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க், இல்லையெனில் கடவுள் தம்மை அதில் வைப்பாராக, இருந்தால் அதிலேயே காப்பாராக என்று விடையளித்தார். கத்தோலிக்க நம்பிக்கையை இதைவிட அழகாகச் சொன்னவரை நான் அறியேன்.

சீர்திருத்த மரபிலும் கருத்து ஒன்றன்று: பெற்ற இரட்சிப்பை இழக்க முடியாது என்பர் சீர்திருத்தவாதி கால்வின் வழியினர், இழக்கக்கூடும் என்பர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி வழியினர். மெய்யான விசுவாசியும் இந்த நிச்சயத்துக்காக நெடுநாள் காத்திருக்க நேரலாம் என்று கால்வின் வழியினரின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. தங்கள் பலவீனத்தையும் மீறி விசுவாசிகள் கடவுளின் இரக்கத்தைச் சார்ந்திருக்கலாம் என்று 1999இல் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையினரும் கூட்டாக அறிக்கையிட்டனர். அதை இருவரும் சேர்ந்து படியுங்கள்.