ஆராய்ச்சி பற்றிக் கேளுங்கள்: ஒரு புள்ளியியல்காரியின் பதில்கள்

நான் புள்ளியியல் ஆலோசகர். மருத்துவர், உயிரியல்காரர், இயற்பியல்காரர், கம்ப்யூட்டர்காரர் என்று எல்லோருடைய எண்களும் ஏதாவது ஒரு நாள் என் மேசைக்கு வந்துசேரும். கணிதத் துறையினர் மட்டும் வருவதில்லை. அவர்களுக்கு நான் தேவைப்படுவதில்லை. கேட்பதற்கு முன் உங்கள் துறை எது என்று சொல்லிவிடுங்கள். அது தெரியாமல் பாதிக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் கிடையாது.

சோதனைக்குழாய்: இயற்பியலில் ஐந்து சிக்மா இருந்தால்தான் கண்டுபிடிப்பு என்கிறார்கள். மருத்துவத்தில் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தாலே போதும் என்கிறார்கள். மருத்துவர்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். தற்செயலான ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகுதான் சிக்மா. 2012-ல் ஹிக்ஸ் துகளை அறிவித்தபோது வைத்திருந்த வரம்பு ஐந்து சிக்மா. துகள் எதுவும் இல்லாமல், வெறும் தற்செயலால் வரைபடத்தில் அவ்வளவு பெரிய மேடு தோன்றும் வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று. பி-மதிப்பும் அதே மாதிரி ஒரு வாய்ப்புதான்: மருந்தால் பலனே இல்லாதபோதும் வெறும் தற்செயலால் இவ்வளவாவது வித்தியாசம் தெரியும் வாய்ப்பு. 0.05 என்பது இருபதில் ஒன்று. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மருத்துவம் விளையாட்டுப்பிள்ளை மாதிரித்தான் தெரியும்.

ஆனால் இயற்பியல்காரர் தேடும் விதத்தைப் பாருங்கள். துகளின் நிறை என்ன என்று முன்கூட்டித் தெரியாது. நீண்ட வரம்பு முழுவதையும் துழாவுகிறார்கள். நூறு இடத்தில் துழாவினால் எங்காவது ஒரு மேடு தானாகவே முளைக்கும். அதனால் வரம்பை உயர்த்தி வைக்கிறார்கள். மரபணு ஆய்விலும் இதே கதைதான். மரபணுத் தொகுதி முழுவதையும் அலசும்போது ஏறக்குறைய பத்து லட்சம் தனித்தனிச் சோதனைகள் செய்வதாகக் கணக்கு. 0.05-ஐப் பத்து லட்சத்தால் வகுத்து, இரண்டு கோடியில் ஒன்று என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

மருத்துவ ஆய்வில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நோயாளி. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்து 1948-ல் முடிவை வெளியிட்டது. மருந்து எல்லோருக்கும் போதாத காலம் அது. குலுக்கல் முறையில் 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 4 பேர், இரண்டாவது குழுவில் 14 பேர் இறந்துவிட்டார்கள். ஐந்து சிக்மா வரட்டும் என்று காத்திருந்தால் அந்த 14 எத்தனை ஆகியிருக்கும்? அதனால் மருத்துவம் தன் காவலை வேறு இடத்தில் போடுகிறது. யாருக்கு எது என்பதைக் குலுக்கலுக்கு விடுவது, முதன்மைக் கேள்வி இதுதான் என்று முன்கூட்டியே பதிவு செய்வது, முடிந்தால் நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் மறைப்பது.

இன்னொன்று, சிக்மாவால் எல்லாத் தவறையும் தடுக்க முடியாது. 2011-ல் ஜெனீவா அருகிலிருந்து இத்தாலிக்கு, சுமார் 730 கிலோமீட்டர் தூரம், அனுப்பிய நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோநொடி முன்னால் வந்துவிட்டதாகக் கணக்கு வந்தது. கிட்டத்தட்ட ஆறு சிக்மா! கடைசியில் பார்த்தால் ஒரு ஒளியிழைக் கேபிள் சரியாகப் பொருத்தப்படவில்லை.

இரவுப்பறவை: அக்கா, 30 பேரிடம் டேட்டா எடுத்துமுடித்துவிட்டேன். எந்த டெஸ்ட் போடலாம்?

உங்கள் கேள்வி என்ன? நான் கேட்பது ஆய்வுக் கேள்வியை. நவீனப் புள்ளியியலின் முன்னோடி ஃபிஷர் 1938-லேயே சொல்லிவிட்டார்: சோதனை முடிந்தபிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது மாதிரி, எதனால் செத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். டேட்டா எடுப்பதற்கு முன் வாருங்கள். இதை இன்று நான் எத்தனை தடவை சொல்லப்போகிறேன் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

நிரல்காரன்: எங்கள் துறையில் நல்ல வேலையெல்லாம் மாநாட்டில்தான் வெளிவருகிறது. ஆனால் தேர்வுக் குழு "ஜர்னல் எங்கே?" என்கிறது.

ஒரே சொல், இரண்டு பொருள். அதுதான் சிக்கல். கணினி அறிவியலின் பெரும்பகுதியில் மாநாட்டுக் கட்டுரை என்றால் முழுக் கட்டுரை. பல மதிப்பாய்வாளர்கள் படித்து, பெரும்பாலானவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு, மிச்சத்தை ஏற்கிறார்கள். மருத்துவத்தில் மாநாடு என்றால் ஒரு பத்திச் சுருக்கமும் சுவரொட்டியும். குழுவில் இருப்பவர் மருத்துவர் என்றால் அவர் மனதில் ஓடுவது அந்தச் சுவரொட்டிதான். உங்கள் மாநாட்டின் ஏற்பு விகிதத்தையும் மதிப்பாய்வு முறையையும் ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள்.

மதிப்பாய்வுக்கு முன்பே பொதுவில் போடும் கட்டுரை ப்ரீபிரிண்ட். அதிலும் இந்த வித்தியாசம் உண்டு. இயற்பியல்காரர்களுக்கு ஆர்க்கைவ் என்ற ப்ரீபிரிண்ட் களஞ்சியம் 1991-லேயே வந்துவிட்டது. உயிரியலுக்கு 2013, மருத்துவத்துக்கு 2019. மருத்துவம் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. சரம் கோட்பாட்டில் தப்பான ப்ரீபிரிண்டைப் படித்து யாரும் மாத்திரையை நிறுத்திவிட மாட்டார்கள்.

மாலைநேரம்: "மதிப்பிற்குரிய பேராசிரியரே, ஐந்தே நாளில் உங்கள் கட்டுரையை வெளியிடுகிறோம்" என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் இன்னும் முதலாமாண்டு மாணவன்தான்.

அழித்துவிடுங்கள்.

வெள்ளைக்கோட்டு: நோயாளிகளைச் சேர்த்தது, ரத்தம் எடுத்தது, எழுதியது எல்லாம் நான். பேப்பரில் என் பெயர் மூன்றாவது. கடைசியில் துறைத்தலைவர் பெயர். அவர் ஒருநாள்கூட எட்டிப்பார்க்கவில்லை.

மருத்துவத்தில் முதல் பெயர் வேலை செய்தவருக்கு, கடைசிப் பெயர் குழுவை நடத்தியவருக்கு என்பது வழக்கம். மூன்றாவது என்றால் "உதவினார்" என்றுதான் படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், மொத்தத்துக்கும் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். நாற்காலியில் இருப்பது ஐந்தாவது நிபந்தனை அல்ல. ஆனால் இதை அவரிடம் நேரே போய் வாசிக்காதீர்கள். அடுத்த ஆய்வில் முதல் நாளே பெயர் வரிசையை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கணக்குப்புலி: எங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அகர வரிசை. முடிந்தது. மற்றதெல்லாம் அரசியல்.

சோதனைக்குழாய்: அகர வரிசையில் கடைசி எழுத்தில் பிறந்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள். மேற்கோளில் வாழ்நாள் முழுவதும் "மற்றும் பலர்"தான்.

கணக்குப்புலி: எங்கள் கட்டுரையில் இரண்டு மூன்று பேர்தான். எல்லோர் பெயரும் தெரியும். உங்களை யார் நாற்பது பேர் சேரச் சொன்னது?

நாற்பதா? 2015-ல் ஹிக்ஸ் நிறையை அளந்து வந்த கட்டுரையில் 5,154 பேர். மொத்தம் 33 பக்கம்; அதில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். துகளைப் பதிவு செய்யும் கருவிகளைக் கட்டியவர், அவற்றை இயக்கியவர், மென்பொருள் எழுதியவர் என்று எல்லோரும் உண்டு. அங்கே ஆசிரியர் என்ற சொல்லுக்கே பொருள் வேறு.

கணக்குப்புலிக்கு ஒரு கதை. 1948-ல் ஆல்ஃபர் என்ற முனைவர் பட்ட மாணவரும் அவருடைய கைடு கேமவும் அண்டத்தின் தொடக்கத்தில் தனிமங்கள் உருவானது பற்றி எழுதினார்கள். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஒலிக்கட்டுமே என்று, அந்த வேலையில் பங்கில்லாத, பெத்தே என்ற புகழ்பெற்ற இயற்பியலாளரின் பெயரை கேமவ் நடுவில் செருகினார். வரிசை அகர வரிசைதான், வேடிக்கையும்தான். மாணவருக்கு அது வேடிக்கையாக இல்லை. இரண்டு பெரிய பெயர்களுக்குப் பக்கத்தில் அவர் பங்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை.

நிரல்காரன்: பூனை ஒன்று ஆசிரியராக இருந்ததாமே?

உண்மைதான். 1975-ல் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் தனியாக எழுதிய கட்டுரையில் "நாங்கள்" என்றே எழுதிவிட்டார். தட்டச்சுக் காலம்; முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். அதற்குப் பதில் தன் பூனையை எஃப்.டி.சி. வில்லார்ட் என்ற பெயரில் இணையாசிரியராகச் சேர்த்துவிட்டார். வெளியானது நல்ல ஆய்விதழில்தான்.

வெள்ளைக்கோட்டு: பூனைக்கு இரண்டாவது இடம். எனக்கு மூன்றாவது.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பங்களிப்பை 14 வகையாகப் பிரித்து, யார் எதைச் செய்தார் என்று அச்சிடும் முறை இப்போது பல ஆய்விதழ்களில் வந்துவிட்டது. வரிசையை மாற்ற முடியாவிட்டால் அதிலாவது உங்கள் வேலை முழுவதும் பதிவாகிறதா என்று பாருங்கள்.

கணக்குப்புலி: சண்டையை விடுங்கள். கம்ப்யூட்டர் செய்த நிரூபணம் நிரூபணமா?

என் துறை அல்ல, ஆனாலும் ஆசையாக இருக்கிறது. எந்த வரைபடத்திலும் அடுத்தடுத்த பகுதிகளுக்கு வேறு வேறு நிறம் தீட்ட நான்கு நிறம் போதும் என்பது நான்கு வண்ணத் தேற்றம். 1976-ல் ஆப்பெலும் ஹாக்கெனும் அதை நிறுவியபோது, கையால் சரிபார்க்க முடியாத அளவு தனி நிலைகளைக் கணினிதான் சரிபார்த்தது. பலர் முகம் சுளித்தார்கள். 1998-ல் ஹேல்ஸ், உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்குவது பற்றிய கெப்ளரின் கணிப்பை நிறுவியதாக அறிவித்தார். மதிப்பாய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிவிட்டு, 99 சதவீதம் சரி என்றார்கள். என் துறையில் 99 சதவீதம் என்றால் கொண்டாடுவோம்! கணிதத்தில் அது அவமானம். ஹேல்ஸ் விடவில்லை. ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு தர்க்கப் படியையும் மென்பொருளே சரிபார்க்கும்படி நிரூபணத்தை எழுதி 2014-ல் முடித்தார். கணினியால் வந்த சந்தேகத்தைக் கணினியே தீர்த்தது. சரியா, தவறா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காலைத்தென்றல்: மேடம், என்னிடம் 42 பேர் டேட்டா இருக்கிறது. எந்த டெஸ்ட்…

மேலே இரவுப்பறவைக்குச் சொன்னது.

விடியல்: 50 பேரில் பி-மதிப்பு 0.06 வருகிறது. இன்னும் பத்துப் பேரைச் சேர்த்தால் 0.05-க்குள் வந்துவிடும். சேர்க்கலாமா?

கூடாது. பார்த்துப் பார்த்துச் சேர்த்து, கோட்டைத் தாண்டிய இடத்தில் நிறுத்தினால் இருபதில் ஒன்று என்ற கணக்கே பொய்யாகிவிடும். இடையில் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு முறைகள் உண்டு, ஆனால் எப்போது பார்ப்பது என்பதை எப்போது முடிவு செய்ய வேண்டும்? டேட்டா எடுப்பதற்கு முன்.

நிரல்காரன்: எங்கள் மாடல் நெஞ்சு எக்ஸ்ரேயில் 99 சதவீதம் சரியாகச் சொல்கிறது. அடுத்து மருத்துவமனைக்குக் கொடுத்துவிடலாமா?

தம்பி, நிதானம். ஒரே நோயாளியின் இரண்டு படங்களில் ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் இருக்கிறதா? பாருங்கள். படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதைப் பிடித்துக்கொண்டு, அங்கே நோயாளிகள் அதிகம் என்பதால் "நோய் உண்டு" என்று சொல்லிவந்த மாடல்கள் இருந்திருக்கின்றன. வேறு மருத்துவமனைக்குப் போனதும் மதிப்பெண் சரிந்தது.

அதைத் தாண்டினாலும், துல்லியம் வேறு, நோயாளிக்கு நன்மை வேறு. மாரடைப்புக்குப் பின் இதயம் தாளம் தவறித் துடிப்பது ஆபத்தின் அறிகுறி. அதை அடக்கும் மருந்துகள் இருந்தன, நன்றாகவே அடக்கின. உயிரைக் காக்கும் என்று நம்பிக் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் சோதித்தபோது மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். 1989-ல் அந்த இரண்டு மருந்துகளின் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. உங்கள் 99 என்பது தாளம். உயிரை இன்னும் அளக்கவில்லை.

சிந்தனையாளன்: ரெவ்யூவர் என் கட்டுரையைக் கிழித்துத் தொங்கவிட்டார். பின்வாங்கிவிடலாமா?

1936-ல் ஐன்ஸ்டைனும் அப்படித்தான் கோபித்துக்கொண்டு ஒரு கட்டுரையைப் பின்வாங்கினார். ரெவ்யூவர் சொன்ன பிழை உண்மையில் அதில் இருந்தது. நாளைக்கு இன்னொரு தடவை படியுங்கள்.

மாலைநேரம்: ஹெச்-இன்டெக்ஸ் எவ்வளவு இருந்தால் நல்லது?

எந்தத் துறை? ஹெச்-இன்டெக்ஸ் 10 என்றால், குறைந்தது பத்துத் தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் பத்து இருக்கின்றன என்று பொருள். துறையைச் சொல்லாமல் இந்த எண்ணைக் கேட்காதீர்கள். 5,154 பேர் சேர்ந்து எழுதும் துறையும், கணிதவியலாளர் பெரல்மான் 2002-03-ல் தனியாக மூன்று ப்ரீபிரிண்டுகளில், கணிதத்தின் பெரிய புதிர்களில் ஒன்றான பாயின்கரேயின் கணிப்பை நிறுவிவிட்டு அவற்றை எந்த ஆய்விதழுக்கும் அனுப்பாத துறையும் ஒரே தராசில் நிற்குமா?

புதியவன்: அப்பாவுக்குச் சர்க்கரை. எந்த மருந்து நல்லது?

அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். நான் எண்களுக்கு மட்டும்தான்.

சோதனைக்குழாய்: மூன்று ஆண்டில் முடியாத ஆய்வை யாராவது எடுப்பார்களா?

1927-ல் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒரு புனலில் தாரை ஊற்றி, சொட்டுமா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். ஒன்பதாவது சொட்டு 2014-ல் பிரிந்தது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாமில் 1948-ல் 5,209 பேரை வைத்து ஆரம்பித்த இதய நோய் ஆய்வு, அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வரை தொடர்ந்தது. ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பிடித்தல் என்று இன்று எல்லோரும் சொல்லும் பட்டியலில் பெரும்பங்கு அங்கிருந்து வந்ததுதான். முனைவர் பட்டத்துக்கு மட்டும் தார் வேண்டாம்.

இரவுப்பறவை: அக்கா, கேள்வியை எழுதிவிட்டேன். நான் பிசியோதெரபி. முழங்கால் வலிக்கு ஒரு புதிய பயிற்சியை 30 பேருக்குக் கொடுத்தேன். முன்னும் பின்னும் வலியைப் பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். நன்றாகக் குறைந்திருக்கிறது. பயிற்சி பலன் தருகிறதா?

பாருங்கள், இப்போது பேசலாம். ஒப்பிட வேறு குழு இல்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் உங்களிடம் வருகிறார்கள். ஒன்றும் செய்யாவிட்டாலும் சில வாரத்தில் பலருக்குக் குறைந்திருக்கும். அதனால் இந்த டேட்டா உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாது, எந்த டெஸ்ட் போட்டாலும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆளுக்கு ஆள் வலி எவ்வளவு மாறுபடுகிறது, எத்தனை பேர் பாதியில் நின்றுவிட்டார்கள் என்பது இதிலிருந்து தெரியும். அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். எவ்வளவு குறைந்தால் நோயாளிக்குப் பிரயோஜனம் என்பதையும் யோசித்து வையுங்கள். குலுக்கல் முறையில் இரண்டு குழுவுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போடுவோம்.