முதுகலை வேண்டாம் என்று சொல்லுமுன்: பீடோர் அம்மா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

விவசாய அறிவியலில் பட்டம் வாங்கிய உங்கள் மகள், காய்கறி, பழங்களின் விநியோகச் சங்கிலி நிர்வாகத்தில் முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள். பால் மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் படிக்க வைத்த பிள்ளை மறுபடியும் மண்ணுக்கே போகிறாளே என்று நீங்கள் கலங்குகிறீர்கள். அவள் கேட்பது மண்வெட்டி பிடிக்கும் வேலையன்று. பறித்த பழத்தை வாங்குபவர் கைக்குக் கெடாமல், நட்டமில்லாமல் கொண்டு சேர்க்கும் நிர்வாகம்.

நம் ஊர்ச் சாலையோரக் கடைகளின் கொய்யாவையே பாருங்கள். பழ ஈக்குப் பயந்து, மரத்திலேயே ஒவ்வொரு காய்க்கும் பை கட்டி வளர்க்கிறார்கள். அவ்வளவு பாடுபட்ட காயைப் பறித்துவிட்டு வெயிலில் போட்டால் தோல் சுருங்கி விலை இறங்கிவிடும். கேமரன் மலையிலிருந்து தாப்பா வளைவுகளில் இறங்கி, செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போகும் தக்காளியில் கூடையின் அடியில் கிடப்பது நசுங்குகிறது. அதற்காக எல்லாவற்றையும் குளிரில் அடைக்கவும் முடியாது. வாழைக்காயை 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைத்தால் தோல் மங்கிக் கறுக்கும், சரியாகப் பழுக்காது. பழுக்கும் வாழை விடும் எத்திலீன் வாயு, பக்கத்தில் ஏற்றிய கீரையை மஞ்சளாக்கிவிடும். எதற்கு எவ்வளவு குளிர், எதனோடு எதை ஏற்றலாம், லோரி தாமதமானால் நட்டம் யார் தலையில் என்பதெல்லாம்தான் பாடம்.

வேலை? பேரங்காடிகளின் கொள்முதல் பிரிவு, குளிர்க்கிடங்கு, ஏற்றுமதி நிறுவனம் எனப் பல இடங்கள் உண்டு. உறையவைக்காத மலேசிய டுரியான் 2024 ஆகஸ்டில் சீனாவுக்குப் போகத் தொடங்கியது. உறைந்த பழம் மாதக்கணக்கில் காத்திருக்கும். இதற்கோ நாள் கணக்குதான். அந்த அவசரத்தில் நல்ல விவசாய முறைக்கான மைகேப் சான்றிதழ், பூச்சி, நோய் இல்லையென்று பார்க்கும் தனிமைப்படுத்தல் சோதனை, விமானச் சரக்கு எல்லாவற்றையும் ஒருசேர நடத்தத் தெரிந்த ஆள் வேண்டும். விவசாயப் பொருள்களைச் சந்தைப்படுத்தும் ஃபாமா போன்ற அரசு அமைப்பில் சேர்வதுதான் குறி என்றால், அதிகாரியாக நுழைய இளங்கலையே போதும். முதுகலையில் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

உடனே சேர்வதும் எனக்கு உடன்பாடில்லை. ஓரிரு ஆண்டு ஏதாவது ஒரு குளிர்க்கிடங்கில் வேலை பார்க்கட்டும். நள்ளிரவில் வந்து நிற்கும் லோரியின் கதவைத் திறந்து வெப்பநிலையைக் குறித்துப் பழகியவளிடம், வகுப்பில் கேட்பதற்குச் சொந்தக் கேள்விகள் இருக்கும். வேலையில் இருந்தபடியே பகுதிநேரமாகவும் படிக்கலாம்.

பட்டத்தின் பெயரில் மயங்காதீர்கள். பாடத்திட்டத்தில் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறும் கிடங்கும் கணக்கும் என்றால் அது கார் உதிரிபாகம் விற்பவருக்கும் பொருந்தும் படிப்பு. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் விவசாயப் புலத்தில் விசாரிக்கலாம். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் இத்துறையில் பெயர் பெற்றது, ஆனால் அங்கே முதுகலை இரண்டாண்டு. உதவித்தொகை இல்லாமல் நினைக்காதீர்கள். தனியார் கல்லூரி என்றால், மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்ட வேண்டாம்.

உள்ளூரில் முதுகலைக்குப் பொதுவாக, இளங்கலையில் 4.00-க்கு 2.50 தரப்புள்ளி கேட்பார்கள். மகளின் மதிப்பெண் பட்டியலையும், பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் பாக்கி இருந்தால் அந்த அறிக்கையையும் எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். அவளையும் அழைத்து வாருங்கள் அம்மா. நாம் இருவர் மட்டும் பேசி முடிவெடுக்கும் விஷயமில்லை இது.