தூய மின்சாரத்தின் போக்கைத் தீர்மானிக்கும் கட்டண ஆணைகள்: கேள்வி பதில்

மின்கட்டண மனுக்களை வாசிப்பதும், அவற்றில் உள்ள செலவுக் கணக்குகளைப் பிரித்துப் பார்ப்பதும்தான் என் தொழில். தூய ஆற்றல் என்றதும் அமைச்சர் அறிவிக்கும் இலக்கும் ஆய்வகத்திலிருந்து வரும் புதிய மின்கலமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டுக்கும் நடுவே ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணை அறை இருக்கிறது. அங்கே அமர்ந்திருப்பவர்களைப் பற்றியும் அவர்கள் எழுதும் ஆணைகளைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஒரு பள்ளி ஆசிரியர்: ஐயா, இலக்கை அரசு நிர்ணயிக்கிறது, மின்நிலையத்தை நிறுவனம் கட்டுகிறது. நடுவில் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு என்ன வேலை?

ஒரே தெருவில் நான்கு நிறுவனங்கள் நான்கு வரிசையாகக் கம்பம் நட்டால் செலவு நான்கு மடங்காகும். அதனால் மின்பகிர்மானம் பெரும்பாலும் ஒரே கையில் இருக்கிறது. போட்டி இல்லாத இடத்தில் விலைக்குக் கடிவாளம் போட ஒருவர் வேண்டும் அல்லவா? 1898-இல் சிகாகோவின் மின்தொழிலதிபர் சாமுவேல் இன்சல், தங்கள் தொழிலுக்கு அரசின் கண்காணிப்பு தேவை என்று தம் தொழிலைச் சேர்ந்தவர்களிடமே வாதாடினார். 1907-இல் விஸ்கான்சின், நியூயார்க் மாநிலங்கள் அதற்கான ஆணையங்களை ஏற்படுத்தின.

ஆணையத்தின் முன் வரும் கேள்விகள் மூன்றே. எந்தச் செலவு நியாயமானது? நிறுவனத்துக்கு எவ்வளவு லாபம் அனுமதிக்கலாம்? அதை எந்தப் பயனீட்டாளர் எவ்வளவு சுமப்பது? அரசின் இலக்கு நிறைவேறுமா, காகிதத்தில் தங்குமா என்பது இந்த மூன்றுக்கும் எழுதப்படும் விடையைப் பொறுத்தது.

ஹவாயைப் பாருங்கள். 2045-க்குள் முழு மின்சாரமும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிலிருந்து கிடைக்க வேண்டும் என்று அங்கே 2015-இல் சட்டம் வந்தது. ஆனால் நிறுவனத்தின் லாபம் அது போடும் முதலீட்டின் அளவோடு கட்டப்பட்டிருந்தது. வீட்டுக்கூரைச் சூரியத் தகடுகளும் பிறர் அமைக்கும் மின்கலங்களும் பெருகினால் அந்த லாபத்துக்கு வழி குறையும். அந்தக் கட்டை அவிழ்க்கும்படி 2018-இல் இன்னொரு சட்டம் ஆணையத்தைப் பணித்தது. 2020 டிசம்பரில் ஆணையம் புதிய வருவாய் முறையை வகுத்தது. இலக்கைச் செயலாக்கும் பாதை அதற்குப் பிறகுதான் சீரானது என்பேன்.

பொறியியல் மாணவி: மின்சாரத்தைச் சேமிப்பதை மின்நிறுவனமே விரும்பாது என்று ஓரிடத்தில் படித்தேன். எனக்குப் புரியவில்லை, சார்.

இதைப் புரிந்துகொண்டால் இந்தத் துறையில் பாதி புரிந்துவிடும். அதனால் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு பகுதியில் மாலை நேரத்தில் மின்பளு தாங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழி, 100 கோடியில் புதிய துணைமின்நிலையம் கட்டுவது. இரண்டாம் வழி, அந்தப் பகுதி வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் 30 கோடி ஊக்கத்தொகை கொடுத்து உச்சநேரப் பயன்பாட்டைக் குறைப்பது. ஆணையம் மூலதனத்துக்கு 9 சதவீத லாபம் அனுமதித்தால், முதல் வழியில் நிறுவனத்துக்குத் தொடக்க ஆண்டில் 9 கோடி லாபம். இரண்டாம் வழியில் செலவான 30 கோடி மட்டும் திரும்பக் கிடைக்கும். லாபம் ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு விற்பனையும் குறையும். நிர்வாகி எதைத் தேர்ந்தெடுப்பார்? அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கட்டண விதிதான் அவரை அங்கே தள்ளுகிறது. இந்தச் சாய்வை ஆவெர்ச், ஜான்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 1962-இலேயே கணித வடிவில் எழுதிக் காட்டிவிட்டார்கள்.

இதற்கு மருந்தும் உண்டு. கலிஃபோர்னியா ஆணையம் 1980-களின் தொடக்கத்தில் மின்நிறுவனத்தின் வருவாயை விற்பனை அளவிலிருந்து பிரித்தது. அனுமதித்த வருவாயைவிடக் கூடுதலாக வசூலானால் அடுத்த கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள், குறைந்தால் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குமேல் விற்பனை கூடினாலும் குறைந்தாலும் நிறுவனத்துக்கு ஒன்றுதான். சேமிப்பை எதிர்க்கக் காரணம் போய்விட்டது. பிரிட்டனின் ஆற்றல் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2013-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ரியோ முறை வேறொரு பக்கத்திலிருந்து இதே நோய்க்கு மருந்து கொடுத்தது. மூலதனச் செலவையும் நடைமுறைச் செலவையும் சேர்த்து ஒரே மொத்தமாகப் பார்க்கச் சொன்னது. நான் சொன்ன 100 கோடியும் 30 கோடியும் அங்கே ஒரே தட்டில் நிற்கும்.

அதே மாணவி: அப்படியானால் கலிஃபோர்னியாவில் சேமிப்பு உண்மையிலேயே நடந்ததா?

நடந்தது. அதில் ஆர்தர் ரோசன்ஃபெல்டின் பங்கு பெரியது. அவர் என்ரிகோ ஃபெர்மியிடம் ஆய்வு செய்து பட்டம் பெற்ற துகள் இயற்பியலாளர். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து கிளம்பும் முன் தம் தளத்தில் இருந்த அறைகளின் விளக்குகளை அணைக்கப் புறப்பட்டார். சுவிட்சுகள் கோப்பு அலமாரிகளுக்கும் புத்தக அடுக்குகளுக்கும் பின்னால் மறைந்து கிடந்தன. அவற்றைத் தேடித் துழாவ வேண்டியிருந்தது. விளக்கை அணைக்கவே முடியாதபடி ஒரு கட்டடம் இயங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவரை உலுக்கியது. பிறகு குளிர்பதனப் பெட்டி, கட்டடம், விளக்கு என்று ஒவ்வொன்றின் மின்செலவுக்கும் தரவரம்பு கொண்டுவர உழைத்தார். 2000 முதல் 2010 வரை கலிஃபோர்னியா ஆற்றல் ஆணையத்தின் உறுப்பினராகவும் இருந்தார். 1970-களின் நடுவிலிருந்து சுமார் முப்பது ஆண்டுகள் அமெரிக்காவின் தனிநபர் மின்நுகர்வு ஏறிக்கொண்டே போக, கலிஃபோர்னியாவில் மட்டும் ஏறத்தாழ அதே மட்டத்தில் நின்றது. மிதமான தட்பவெப்பத்துக்கும் கனரகத் தொழில்கள் குறைவாக இருப்பதற்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் தரவரம்பும் கட்டணச் சீர்திருத்தமும் கைகோக்காமல் அந்தக் கோடு அவ்வளவு காலம் கிடையாகப் போயிருக்காது.

இளம் வழக்கறிஞர்: ஓர் ஆணையத் தலைவர் எப்படி இருக்க வேண்டும்? எடுத்துக்காட்டு தர முடியுமா?

நான் முதலில் சொல்வது ஆல்ஃபிரெட் கானை. கார்னெல் பல்கலைக்கழகத்துப் பொருளியல் பேராசிரியர். 1974 முதல் 1977 வரை நியூயார்க் பொதுச்சேவை ஆணையத்தின் தலைவர். நள்ளிரவில் ஒரு யூனிட் தயாரிக்க ஆகும் செலவும் கோடைப் பிற்பகலில் ஆகும் செலவும் ஒன்றல்ல. பிறகு விலை மட்டும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டு, நேரத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ற கட்டணத்தை அங்கே தொடங்கிவைத்தார். இன்று சூரிய மின்சாரம் நண்பகலில் பெருகி மாலையில் வற்றும் நிலையில், அந்தக் கேள்வி முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது.

அவரிடம் எனக்குப் பிடித்தது இன்னொன்றும் உண்டு. 1977-இல் விமானப் போக்குவரத்து வாரியத்தின் தலைவரானதும், அலுவலக மொழியை விட்டுவிட்டு மனிதர்கள் பேசுவதுபோல எழுதுங்கள் என்று ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மின்கட்டண ஆணைகளைப் படித்துச் சலித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது சின்ன விஷயமே இல்லை. காரணம் புரியாத ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்வதும் கடினம், அதை நம்பி முதலீடு செய்வதும் கடினம்.

ஜான் வெல்லிங்ஹாஃப் இன்னொருவர். நெவாடாவில் மின்பயனீட்டாளர்களுக்காக வாதாட அமர்த்தப்பட்ட முதல் வழக்கறிஞர் அவர். 2009 முதல் 2013 வரை அமெரிக்கக் கூட்டாட்சி ஆற்றல் ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தலைமை தாங்கினார். தேவை மிகும் நேரத்தில் பயன்பாட்டைக் குறைத்துக்கொள்பவருக்கும், உரிய நிபந்தனைகளோடு, மின்உற்பத்தியாளருக்குக் கிடைக்கும் அதே சந்தை விலையைக் கொடுக்க வேண்டும் என்று 2011-இல் வந்த 745-ஆம் ஆணை சொன்னது. உற்பத்தி நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையை நிலைநிறுத்தியது. சட்டம் படித்த உங்களுக்கு அந்தத் தீர்ப்பு நல்ல பாடம்.

வீட்டுக்கூரையில் தகடு போட்டவர்: என்னிடமிருந்து வாங்கும் மின்சாரத்துக்கு மட்டும் விலையைக் குறைப்பது அநியாயம் இல்லையா?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் பகலில் கொடுத்த ஒரு யூனிட்டுக்கு இரவில் ஒரு யூனிட் என்று கழித்துக்கொண்டால், கம்பி, மின்மாற்றி, பராமரிப்புக்கான பங்கும் சேர்ந்து கழிந்துவிடுகிறது. அந்தச் செலவு மறைவதில்லை. சொந்தக் கூரையில்லாமல் வாடகைக்குக் குடியிருப்பவரின் பில்லுக்கு நகர்கிறது. சிலர் இருக்கும்போது இது பொருட்டில்லை, லட்சக்கணக்கானோர் ஆகும்போது பொருட்டாகிறது.

கலிஃபோர்னியா 2022 டிசம்பரில் விதியை மாற்றி, 2023 ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பின் விண்ணப்பித்தவர்களுக்கு கூரை மின்சாரத்துக்குக் கிடைக்கும் ஈட்டுத்தொகையைச் சுமார் முக்கால் பங்கு குறைத்தது. பழையவர்களுக்குப் பழைய விதியே தொடர்ந்தது. காரணம் சரி, வேகம் தவறு என்பது என் கருத்து. பல ஆண்டுகளில் படிப்படியாக இறக்கியிருந்தால் நிறுவும் தொழிலில் இருந்தவர்கள் அவ்வளவு அடிபட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் செய்யக்கூடியது, மாலையில் கொடுக்கும் மின்சாரத்துக்கு அதிக விலை கேட்பது. அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது.

முதலீட்டு ஆலோசகர்: மின்கலச் சேமிப்புக்கு உண்மையான தடை விலைதானே?

விலை மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய மின்சந்தையில் விலை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிர்ணயமாகும். முன்பு பணம் மட்டும் அரைமணி நேரச் சராசரியில் பட்டுவாடா ஆனது. நொடியில் இயங்கும் மின்கலத்தின் வேகத்துக்கு அங்கே கூலி கிடைக்கவில்லை. 2017-இல் விதியைத் திருத்த முடிவெடுத்து, 2021 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பட்டுவாடாவையும் ஐந்து நிமிடமாக்கினார்கள். மின்கலத்தின் வேதியியல் மாறாமலே அதன் வருமானம் மாறியது.

காற்றாலைத் துறையில் பணிபுரிபவர்: ஆலை தயாராகிவிடுகிறது, மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் மின்தொடர் வருவதில்லை. இதற்கு யார் பொறுப்பு?

பழைய ஒழுங்கின் பிழை இது. ஆலை வந்தால் கம்பி போடலாம் என்கிறது மின்கடத்தல் நிறுவனம். கம்பி வந்தால் கடன் தரலாம் என்கிறது வங்கி. டெக்ஸஸ் இந்த முடிச்சை அவிழ்த்த விதத்தை விவரமாகப் படியுங்கள். 2005-இல் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி காற்று வளமுள்ள மேற்குப் பகுதிகளை ஆணையம் மண்டலங்களாக அறிவித்தது. எந்த ஆலை யாருடையது என்று தெரியும் முன்பே அங்கிருந்து நகரங்களுக்கு மின்தொடர் அமைக்க உத்தரவிட்டது. செலவு எல்லாப் பயனீட்டாளர் மீதும் பரப்பப்பட்டது. ஏறக்குறைய 3,600 மைல் நீளம், சுமார் 18,500 மெகாவாட் கடத்தும் திறன். 2014 தொடக்கத்துக்குள் பணி முடிந்தது. காற்றாலைகள் பின்னாலேயே வந்தன.

மற்ற இடங்களில் விண்ணப்ப வரிசையே பெருஞ்சுமை. அமெரிக்காவில் 2022 இறுதியில் இணைப்புக்காகக் காத்திருந்த உற்பத்தி, சேமிப்புத் திட்டங்களின் திறன் 20 லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. முதலில் வந்தவருக்கே முதலிடம் என்ற விதியால், நிலமோ பணமோ இல்லாத திட்டங்கள் வரிசையை அடைத்துக்கொண்டிருந்தன. 2023 ஜூலையில் கூட்டாட்சி ஆணையம் தயாராக இருப்பவருக்கே முதலிடம் என்று மாற்றி, திட்டங்களைத் தொகுதியாக ஆராயச் சொன்னது.

ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர்: அதே டெக்ஸஸ்தானே 2021-இல் இருளில் மூழ்கியது? காற்றாலையை நம்பியதால் வந்த வினை என்கிறார்களே, தம்பி?

அந்தப் பேச்சு உண்மைக்கு மாறானது, ஐயா. பிப்ரவரிக் கடுங்குளிரில் எல்லா வகை நிலையங்களும் முடங்கின. காற்றாலைகளும் உறைந்தன, ஆனால் மிகப்பெரிய இழப்பு இயற்கை எரிவாயுவில். எரிவாயுவை எடுத்து அனுப்பும் நிலையங்கள் பல, நிறுத்தக் கூடாத மின்இணைப்புகளாகப் பதிவாகவில்லை. சுழற்சி முறையில் மின்சாரத்தை நிறுத்தியபோது அவையும் அணைந்தன; எரிவாயு இல்லாமல் மின்நிலையம் நின்றது. மின்சாரத்துக்கு ஓர் ஆணையம், எரிவாயுவுக்கு வேறோர் ஆணையம். நடுவில் இருந்த இடைவெளியை இருவருமே அடைக்கவில்லை. மின்ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களும் சில வாரங்களுக்குள் பதவி விலகினார்கள். 2011-இலும் அங்கே குளிரால் மின்தடை வந்தது, நிலையங்களைக் குளிர்காப்பு செய்யுங்கள் என்று அறிக்கையும் வந்தது. அதைக் கட்டாய விதியாக்காமல் விட்டதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. மக்கள் இறந்தார்கள்.

அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்: இந்தத் துறைக்கு வர எதைப் படிக்க வேண்டும்?

சட்டம், பொருளியல், பொறியியல் எதிலிருந்தும் வரலாம். நியூயார்க் ஆணையத்தின் தலைவராக இருந்து, 2017-இல் ஆஸ்திரேலிய மின்சந்தை இயக்குநர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்குப் போன ஆட்ரி ஜிபல்மேன் வழக்கறிஞர். கான் பொருளியலாளர். ரோசன்ஃபெல்ட் இயற்பியலாளர். எந்தப் படிப்பானாலும் ஒரு முழுக் கட்டண ஆணையை முதல் பக்கம் முதல் கடைசி அட்டவணை வரை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஒரு குடும்பத்தலைவி: என்னைப் போன்றவர் ஆட்சேபணை அனுப்பினால் யாராவது படிப்பார்களா?

படிக்க வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம், அம்மா. இந்தியாவின் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64-ஆவது பிரிவின்படி, கட்டண விண்ணப்பத்தின் சுருக்கத்தை வெளியிட வேண்டும். பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபணைகளையும் பரிசீலித்த பிறகே, விண்ணப்பம் வந்த 120 நாளுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். விலை ஏற்றாதீர்கள் என்று மட்டும் எழுதினால் பத்தோடு பதினொன்றாகிவிடும். மனுவில் ஒரே ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். மின்இழப்பு சென்ற ஆண்டு எத்தனை சதவீதம் என்று ஆணையம் ஏற்றது, இந்த ஆண்டு எத்தனை கேட்கிறார்கள், ஏன் கூடியது? சென்ற முறை அனுமதித்த திட்டத்தில் எவ்வளவு முடிந்தது, முடியாததற்கு மீண்டும் பணம் கேட்கிறார்களா? பக்க எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு பத்தி எழுதுங்கள், கடைசித் தேதிக்கு முன் அனுப்புங்கள், பொது விசாரணை நாளில் நேரில் போய் அதையே படியுங்கள். ஆணை வெளிவந்ததும் உங்கள் கேள்விக்கு என்ன பதில் எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். பதில் இல்லையென்றால் அதையே அடுத்த ஆண்டு முதல் வரியாக எழுதுங்கள்.