சின்னாறு வழியாகக் காரில் மூணாறு போக பொள்ளாச்சியில் தங்கலாமா, உடுமலையில் தங்கலாமா?

நான் உடுமலைக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் வந்து ஊர்ப்பாசம் என்று எழுத வேண்டாம். என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பதே பொள்ளாச்சியில்தான், அந்த ஊர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

குடும்பத்தோடு, சொந்தக் காரில், சென்னைப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வால்பாறை போவதற்கு என்று கேட்டிருந்தால் பொள்ளாச்சி என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். ஆழியாறு அணை, 40 கொண்டை ஊசி வளைவு எல்லாம் அந்தப் பக்கம்தான். ஆனால் சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு என்றால் உடுமலையில்தான் தங்க வேண்டும். இங்கிருந்து மூணாறு சுமார் 85 கிலோமீட்டர்.

"பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் 30 கிலோமீட்டர்தானே, இதற்கு இவ்வளவு பேச்சா" என்று கேட்பீர்கள். தூரம் அவ்வளவுதான், சாலையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 30 கிலோமீட்டர் விடியற்காலையில் வருகிறது. குழந்தைகளை எழுப்பி, பெரியவர்களைக் கிளப்பி, பையை வண்டியில் ஏற்றுகிற நேரத்தில் அதற்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் முன்னாலேயே எழுந்திருக்க யாரால் முடிகிறது?

என் சகலை குடும்பத்தோடு நடந்ததைச் சொல்கிறேன். அவர் சென்னையில் இருக்கிறார். இங்கே எங்கள் வீடு இருக்கிறது, மாடியில் தனி அறை இருக்கிறது, ஆனாலும் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு விடுதியில் அறை எடுத்தார். போட்டோவில் வாய்க்கால், கயிற்றுக் கட்டில், மாட்டுவண்டி எல்லாம் இருந்ததாம். சரி, அவர் காசு, அவர் இஷ்டம். காலை 6 மணிக்கு ஒன்பதாறு வனத்துறை செக்போஸ்ட்டில் சந்திப்பதாகப் பேச்சு. நாங்கள் போய்விட்டோம். வனத்துறைக்காரர் டிக்கியைத் திறக்கச் சொல்லி, பாட்டில் ஏதும் இருக்கிறதா என்று மிக்சர் பொட்டலம் வைத்திருந்த கட்டைப்பையைக்கூட விரல் விட்டு விலக்கிப் பார்த்தார். எனக்கு அது பிடித்திருந்தது. அந்தக் காட்டில் உடைந்த கண்ணாடி யானைக் காலில்தான் ஏறும்.

சகலையைக் காணோம். போன் செய்தால், "டிபன் வாடகையோடு சேர்ந்ததாம், 7.30க்குத்தான் போடுவாங்களாம், சாப்பிட்டுட்டு வந்திடறோம்" என்கிறார். நாலு இட்லிக்காக! அவர் வந்து சேர்ந்தபோது மணி 9.

சின்னாறு மழை மறைவுப் பகுதி. மூணாறு மாதிரி பச்சையாக இருக்கும் என்று நினைத்து வராதீர்கள்; முள்மரமும் காய்ந்த புல்லும் பாறையும்தான். 9 மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது, மான்கூட நிழல் தேடிப் போய்விடும். அதே காடு காலை வெயிலில் வேறு மாதிரி இருக்கும், மலை முழுக்கச் செம்மண் நிறத்தில் தெரியும். எங்கள் பாட்டி அந்த மலையைப் பார்த்துத்தான் மழை சொல்லுவார்.

ஏழுமலையான் கோவில் பிரிவுக்குப் பக்கத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. அமராவதி அணைக்குத் தண்ணீர் குடிக்க யானைகள் சாலையைக் கடக்கிற இடம் அது, கோடையில் அடிக்கடி நடக்கும். குட்டியோடு ஒரு கூட்டம் ஓரத்திலேயே நின்றது. முன்னால் அரசு பஸ், டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் சகலை ஆரன் அடித்தார். கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏனுங்க சார், அது ரோட்டுக்கு நாமதானுங்க குறுக்க வந்திருக்கறோம், செத்த பொறுங்க" என்றார். சத்தம் போடவில்லை, அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அதற்கப்புறம் மூணாறு போகிறவரை சகலை வண்டியில் ஆரன் சத்தமே கேட்கவில்லை.

நீங்களும் யானையைப் பார்த்தால் இறங்காதீர்கள், செல்பி வேண்டாம். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் போகிற யோசனையே வேண்டாம், கேட் திறக்கும் நேரத்தை முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் ஏன் தங்கவில்லை என்று பிறகு விசாரித்தால், கொழுந்தியாள் சொன்ன காரணம், மாடியில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையாம். வாய் விட்டுச் சொல்லிவிட்டார்கள் என்று அடுத்த மாதமே தளத்தை உடைத்து, டைல்ஸ் ஒட்டி, கீசர் வரை மாட்டினேன். மேஸ்திரி பாதியில் வேறு வேலைக்குப் போய்விட்டு என்னை அலைய விட்டது தனிக்கதை. இன்றுவரை சென்னையிலிருந்து ஒருவர் வந்து அதில் கால் வைக்கவில்லை. பழனிக்குப் போகிற வழியில் குளித்துவிட்டுப் போக மட்டும் பன்னிரண்டு பேர் வேன் பிடித்து வருவார்கள், போன்கூடப் பண்ணாமல்.

சரி, உங்கள் விஷயம். உடுமலையில் சொகுசு விடுதி எதிர்பார்க்காதீர்கள், பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சாதாரண லாட்ஜ்கள்தான் அதிகம். மத்தியானமே வந்துவிட்டால் சாயங்காலத்துக்கு அமராவதி அணையும் முதலைப் பண்ணையும் போதும். பண்ணை குழந்தைகளுக்குப் பிடிக்கும். திருமூர்த்தி மலையையும் அதே நாளில் திணிக்காதீர்கள்.

மறுநாள் வழியில் தூவானம் அருவியை தூரத்திலிருந்தே பார்க்கலாம். பாம்பாற்றில் விழுவது, அதனால் மூணாறுப் பக்கம் மழை பெய்தால் சின்னாறு காய்ந்து கிடந்தாலும் இதில் தண்ணீர் இருக்கும். மறையூரில் சந்தனக் காடு வேலிக்கு அந்தப் பக்கம் தெரியும். வெல்லம் வாங்குவதாக இருந்தால் காய்ச்சுகிற இடத்திலேயே வாங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எல்லா வெல்லத்துக்கும் மறையூர் பெயர் ஒட்டிக்கொள்கிறது. அதைத் தாண்டினால் தேயிலை, லக்கம் அருவி, அப்புறம் குளிர்.

ஜூன், ஜூலை என்றால் உடுமலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும், காற்றாலை எல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும், துண்டு காயப்போட்டால் கிளிப் போடுங்கள். பெட்ரோல் இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். லாட்ஜில் டிபன் இலவசம் என்றால் பார்சல் கட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள், மறையூரில் நல்ல புட்டு கிடைக்கும்.