ஓடினாளா, ஓட்டினாங்களா? – கடிதம்

அன்புள்ள மேடம்,

விக்டோரியா ராணி பத்தி படிச்சிட்டிருக்கேன். அவங்க புருஷன் ஆல்பர்ட்டோட அம்மா லூயிஸ், அஞ்சு வயசுப் பிள்ளைய விட்டுட்டு ஒரு லெப்டினன்ட்டோட ஓடிப்போனவங்களாமே. ஆல்பர்ட் அவ்ளோ கறாரான ஆளா ஆனதுக்கு இதுதான் காரணமா? அவரோட நிஜ அப்பாவே வேற ஆள்னும் சொல்றாங்க, உண்மையா?

– ஒரு வாசகர்

தம்பி,

கடைசிக் கேள்விக்கு ஆதாரமே கிடையாது. அந்த வம்பு நமக்கெதுக்கு, விடுங்க.

ஆனா ‘ஓடிப்போனவங்க’ன்னு எவ்ளோ ஈசியா டைப் பண்ணிட்டீங்க! ரெண்டு வாரமா எனக்கு இந்தப் பொண்ணு நினைப்புதான், அதான் படிச்சதும் சுர்ருன்னு ஏறிடுச்சு. சின்ன வயசுல எங்க தெரு அக்கா ஒருத்தியப் பத்தி யாரோ இப்படிச் சொன்னப்போ, எங்க அப்பத்தா பாக்கு இடிச்சுக்கிட்டே “ஓடினாளா, ஓட்டினாங்களாடி?”ன்னு கேட்டுச்சு. அதையே உங்ககிட்ட கேக்குறேன்.

லூயிஸ், ஜெர்மனில இருந்த கோத்தாங்கிற குட்டி நாட்டு அரண்மனைக்கு ஒரே பொண்ணு. பொறந்து ரெண்டு வாரத்துல அம்மா போய்ட்டாங்க. 1817-ல அதே மாதிரி இன்னொரு குட்டி நாடான கோபர்க்கை ஆண்ட டியூக் எர்ன்ஸ்ட்டுக்கு கட்டி வெக்கிறாங்க, இவளுக்கு 16, அவருக்கு 33. அடுத்த வருஷம் ஒரு பையன், அதுக்கடுத்த வருஷம் ஆல்பர்ட். இருபது வயசுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. அவர் என்ன ராமரா? கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு சின்னப் பொண்ணுக்கு பிள்ளைய குடுத்துட்டு கைவிட்டவர், அந்தப் பொண்ணே 1823-ல அதை புத்தகமா போட்டு ஊர் சிரிச்சுது. அதுக்காக அவரை யாரும் எங்கயும் அனுப்பல.

லூயிஸும் ஒண்ணும் சாமியார் இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா 1824-ல நடந்தது ஓடுறது இல்ல தம்பி. பிரிவினைப் பத்திரம், வண்டி, தூரத்துல பிரெஞ்சு எல்லைப் பக்கம் எர்ன்ஸ்ட்டுக்கே சொந்தமான சாங்க்ட் வெண்டல்ங்கிற சின்ன ஊரு, அங்க போய் இருன்னு உத்தரவு. புள்ளைங்க ரெண்டுக்கும் கக்குவான் இருமல், அந்த நேரத்துல கிளம்புறா, 23 வயசு. அப்புறம் சாகுற வரைக்கும் ரெண்டு பேரையும் கண்ணுல காட்டல. 1826 மார்ச்ல விவாகரத்து, அதுக்கப்புறம்தான் அந்த லெப்டினன்ட் ஹான்ஸ்டைனோட முறைப்படி கல்யாணம். இதுல ஓட்டம் எங்க இருக்கு?

வயித்தெரிச்சல் என்னன்னா, லூயிஸோட சித்தப்பா வாரிசு இல்லாம செத்து கோத்தா வம்சம் முடிஞ்சப்போ, அவளைக் கட்டின உறவையும் காட்டித்தான் எர்ன்ஸ்ட் பங்கு கேட்டார், விவாகரத்து ஆன அதே வருஷம் கோத்தா அவர் கைக்கு வந்துடுச்சு. பொண்ணு வேண்டாம், பொறந்த வீட்டுச் சொத்து மட்டும் வேணும்! ‘சாக்ஸ்-கோபர்க்-கோத்தா’ன்னு 1917 வரைக்கும் பிரிட்டிஷ் ராஜகுடும்பம் வெச்சுக்கிட்ட பேர்ல பின்பாதி இவ ஊரு.

1831-ல பாரிஸ்ல கர்ப்பப்பை கேன்சர்ல போய்ட்டா. முப்பது வயசு. அடுத்த வருஷம் எர்ன்ஸ்ட் சொந்த அக்கா மகளையே கட்டிக்கிட்டார் (விக்டோரியாவும் மாமா பையனைத்தான் கட்டுச்சு, நம்ம ஊர் முறை தோத்துடும்).

ஆல்பர்ட் ஏன் கறாரான ஆளுன்னு கேட்டீங்கல்ல? இருக்கலாம், எனக்கு அதுல பெரிய ஆர்வம் இல்ல. ஆனா 1848-ல பொறந்த நாலாவது பொண்ணுக்கு அவங்க வெச்ச பேர் லூயிஸ்.