பூர்வீகம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

அன்புள்ள ஐயா,

நான் மதுரையில் பிறந்து வளர்ந்த சௌராஷ்டிரப் பெண். தாத்தா மகால் பக்கம் தறி வைத்திருந்தார். அப்பா வங்கியில் குமாஸ்தா. எனக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மகளின் பள்ளியில் குடும்ப வரலாறு எழுதிவரச் சொல்லி ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அதில் 'பூர்வீகம்' என்று ஒரு கட்டம். 2023இல் குஜராத்தில் நடந்த சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமத்துக்குத் தனி ரயிலில் போய்வந்த மாமா, "சோமநாதபுரம்னு எழுது, அதுதான் நம்ம மண்ணு" என்கிறார். அவர் காட்டிய படங்களைப் பார்த்து எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தமிழச்சி என்று எழுதலாமென்றால் வீட்டில் பேசுவது வேறு மொழி. பள்ளியில் 'பட்டுநூல்காரி' என்று கூப்பிட்டதும் மறக்கவில்லை. சரி, நெசவுக் குடும்பம் என்று சொல்லிக்கொள்ளலாமென்றால் எனக்குப் பாவும் தெரியாது, ஊடும் தெரியாது. அவளுக்கு நான் எதைச் சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள சகோதரிக்கு,

மாமாவிடமிருந்தே தொடங்குவோம். கஜினி முகமது சோமநாதபுரத்தை இடித்தான், அங்கிருந்து தப்பி வந்தோம் என்பது உங்கள் வீடுகளில் வழிவழியாகச் சொல்லும் கதை. கஜினி வந்தது 1025-26 வாக்கில். ஆனால் பட்டு நெசவாளர்கள் குஜராத்திலிருந்து கிளம்பியதைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முந்தையது. மத்தியப் பிரதேசத்தில் மந்தசோர் என்ற ஊரில் பட்டு நெசவாளர் குழு ஒன்று 437இல் சூரியனுக்குக் கோயில் கட்டி, 473இல் அதைப் பழுதுபார்த்தது. அவர்கள் லாட தேசத்துக்காரர்கள், அதாவது இன்றைய தெற்கு குஜராத்திலிருந்து வந்தவர்கள் என்று வத்ஸபட்டி என்ற கவிஞர் கல்வெட்டில் பாடியிருக்கிறார். யாரும் துரத்தி அவர்கள் வரவில்லை. அந்த ஊர் அரசர்களுக்கு இருந்த நல்ல பேரைக் கேட்டு, பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கினார்கள்.

உங்கள் முன்னோர் இவர்கள்தான் என்று அடித்துச் சொல்ல இடையில் ஆதாரம் போதாது. ஆனாலும் அந்தக் கல்வெட்டில் உங்களுக்கென்றே எழுதியதுபோல ஒரு பகுதி உண்டு. வந்து சேர்ந்த நெசவாளர்களில் சிலர் வில்வித்தையில் இறங்கினார்களாம். சிலர் தர்மக் கதைகள் சொல்லப் போனார்கள், சிலர் சோதிடம் கற்றார்கள், சிலர் போருக்குப் போனார்கள். மீதிப் பேர் தறியில் உட்கார்ந்தார்கள். தறியை விட்டுவிட்ட நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறார்கள். கோயில் கட்டும்போது அவர்களையும் தங்கள் குழுவாகவேதான் எண்ணியிருக்கிறார்கள். பெண் எவ்வளவு நகை போட்டாலும், பூவும் வெற்றிலையுமாக எவ்வளவு அலங்கரித்தாலும், பட்டு உடுத்தாமல் காதலனைப் பார்க்கப் போகமாட்டாள் என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. கோயில் கல்வெட்டில் வியாபார விளம்பரம்! இந்தச் சாமர்த்தியத்துக்காகவே அவர்களை உங்கள் ஆட்கள் என்று நம்ப எனக்கு ஆசை.

அப்புறம் வந்த வழி. விஜயநகர ஆட்சிப் பகுதிகளில் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து, அரண்மனைக்குத் துணி நெய்து, மகாலைச் சுற்றிக் குடியேறினார்கள் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு. நீங்கள் வீட்டில் பேசும் மொழி குஜராத்தி, மராத்தியின் உறவு. அதில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஏறியிருக்கின்றன. இன்றைக்கு உங்கள் அம்மா பேசுவதை அப்படியே பேச ராஜ்கோட்டில் ஆள் கிடைக்காது. சங்கமத்துக்கு ரயில் விட்டவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கும், அது அவர்கள் பாடு. மாமாவுக்கு அங்கே கண் கலங்கியிருந்தால் அதுவும் உண்மைதான். உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதும் அதே அளவு உண்மை. அதற்காகக் கூச்சப்படாதீர்கள்.

பிறப்போடு வந்தது என்று நாம் நினைக்கும் பலவும் யாரோ போராடி வாங்கியதுதான். 1705இல், ராணி மங்கம்மாள் ஆட்சியில், ஆவணி அவிட்டம் செய்ததற்காக உங்கள் சமூகத்தார் 18 பேரைப் பிடித்து வைத்தார்கள் என்றும், பண்டிதர் சபை விசாரித்து அவர்களுக்கு உரிமை உண்டென்று ஓலை கொடுத்தது என்றும் சொல்வார்கள். பூணூலுக்கே தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. அது அன்றைய சாதி ஏணியில் ஒரு படி ஏறும் முயற்சி. அதில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. உங்கள் ஆட்களின் சுங்குடிச் சேலையில்தான் இருக்கிறது. துணியை நகத்தால் சிட்டிகையாகக் கிள்ளி, நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கிக் காயவைத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து விழும். ஒவ்வொரு முடிச்சு இருந்த இடத்திலும் ஒரு வெள்ளைப் பொட்டு. இதைப் பெரும்பாலும் செய்தவர்கள் வீட்டுப் பெண்கள்தான். அவர்களுக்கு எந்த ராணியும் ஓலை கொடுக்கவில்லை. 2005இல் கிடைத்த புவிசார் குறியீட்டில் இருப்பதும் மதுரையின் பெயர்தான். இப்போது கடையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி அச்சுப் போட்டது என்பது வேறு கதை.

'பட்டுநூல்காரி' என்று கூப்பிட்டவர்களுக்குப் பதில் வேண்டுமென்றால் டி.எம்.சௌந்தரராஜனின் முழுப்பெயரைச் சொல்லுங்கள்: தொகுளுவ மீனாட்சி ஐயங்கார் சௌந்தரராஜன். முதலில் சௌராஷ்டிர வீட்டுப்பெயர், அடுத்து மதுரைக்காரியின் பெயரைத் தாங்கிய அப்பா, கூடவே 'ஐயங்கார்' என்று அந்தப் பழைய ஓலை விவகாரத்தின் வால். இவ்வளவையும் சுமந்த மனிதர்தான் தமிழ் உச்சரிப்புக்கு இன்றும் நாம் கைகாட்டும் ஆள்.

ஆகவே கட்டத்தில் 'மதுரை' என்றே எழுதுங்கள். முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் இருந்த ஊர் பூர்வீகமாகப் போதாது என்றால் வேறு எதுதான் போதும்? மாமா கோபித்துக்கொண்டால் வத்ஸபட்டியைக் காட்டுங்கள்.

எனக்குக் கவலை மொழியைப் பற்றித்தான். 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 2.47 லட்சம் பேர். அதில் எத்தனை வீடுகளில் பாட்டி சௌராஷ்டிரத்தில் கேட்டால் பேத்தி தமிழிலோ ஆங்கிலத்திலோ பதில் சொல்கிறாள் என்பது உங்களுக்கே தெரியும். தறி போனால் வேறு வேலை உண்டு, நீங்களே அதற்குச் சாட்சி. பேச்சு அப்படியில்லை. அம்மா இருக்கிறார் என்றால், தறியின் பாகங்கள், சாயங்கள், முடிச்சு வகைகள் இவற்றுக்கெல்லாம் வீட்டில் என்ன பெயர் என்று கேட்டு போனில் பதிவு செய்யுங்கள். கேள்வியை மகளே கேட்கட்டும். எழுதிவைக்க, தமிழ் எழுத்தோடு சின்ன எண்களைச் சேர்க்கும் முறை உங்கள் ஆட்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் மொழிக்கென்று உள்ள தனி எழுத்தும் 2008இலேயே கணினி எழுத்துகளுக்கான பொதுத்தரமான யூனிகோடில் சேர்ந்துவிட்டது. உங்கள் வீட்டுப்பெயரை அந்த எழுத்தில் மகள் எழுதிப் பார்க்கட்டும். பள்ளித் தாளில் அதற்குக் கட்டம் இருக்காது, ஓரத்தில் இடம் இருக்கும்.

அன்புடன்.